பழைய எலக்ட்ரிக் கிட்டாருக்கு லேசான, மலிவான மாற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கிப்சன் கம்பெனியின் பழைய லெஸ் பாலோ ஃபெண்டர் கம்பெனியின் எழுபதுகளின் ஸ்ட்ராட்டோ இருந்து, தோள் தாங்காமல் தவிப்பவர்கள் ஒரு பக்கம். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு, விலையைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்யும் செட்டப்புக்குக் கிட்டாரைக் கொண்டுவரும்போது இரண்டு தரப்பும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போவதால், மேலிருந்து படிப்பது நல்லது.

எந்த வருஷத்துக் கிட்டாரை வின்டேஜ்னு சொல்றாங்க? ஏன் இவ்வளவு விலை?

கறாரான எல்லை கிடையாது. ஃபெண்டரில் 1965-க்கு முந்தையவற்றுக்குத்தான் பெரிய மவுசு. அந்த வருடத் தொடக்கத்தில்தான் கம்பெனி அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. கிப்சனில் 1952-இல் வந்த முதல் லெஸ் பால் தொடங்கி அறுபதுகளின் நடுப்பகுதி வரை. அதிலும் 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் மொத்தமே இரண்டாயிரத்துக்கும் குறைவு. இன்று அவை வீட்டு விலைக்குப் போகின்றன. எழுபதுகளில் செய்தவற்றை ஒரு காலத்தில் யாரும் சீண்டவில்லை. இப்போது அவையும் அதே வரிசையில் நிற்கின்றன.

விலையில் பெரிய பங்கு அபூர்வத்துக்கும் ஒரிஜினாலிட்டிக்கும் போகிறது. திருகு, சாலிடர், பெட்டி வரை மாறாமல் இருந்தால்தான் முழு விலை. சாலிடரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது காதில் விழுமா? விழாது. வாசிக்க மட்டுமே கிட்டார் வேண்டும் என்பவர் அந்தப் பங்கைக் கொடுக்கவே தேவையில்லை.

அதெல்லாம் ஏன் அவ்ளோ கனமா இருக்கு?

முதல் காரணம் மரம். கிட்டார் செய்யும் மரங்களை ஒரு கன மீட்டர் அளவுக்கு எடை போட்டால் ஹார்ட் மேப்பிள் சுமார் 700 கிலோ, ஹோண்டுராஸ் மஹோகனி 590, ஆல்டர் 450, பாஸ்வுட் 415, பாலோனியா 300-க்கும் கீழே. லெஸ் பாலில் தடித்த மஹோகனி, அதன் மேல் மேப்பிள் மூடி. கணக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, காலம். ஐம்பதுகளின் லெஸ் பால்கள் பல 4 கிலோவை ஒட்டித்தான் இருக்கின்றன. 1969-இல் கிப்சனுக்கு நார்லின் என்ற கம்பெனியின் நிர்வாகம் வந்த பிறகு கிடைத்த மஹோகனி கனமானது. எழுபதுகளின் லெஸ் பால் கஸ்டம் நாலரை கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், 5 கிலோவைத் தொடுவதும் உண்டு. ஃபெண்டரிலும் இதே கதை. ஐம்பதுகளில் ஸ்வாம்ப் ஆஷ் என்ற லேசான மரம், எழுபதுகளில் கனமான ஆஷ். ஆக, பழசு என்றாலே கனம் என்பது தவறு. கையில் சிக்கும் விலையில் இருக்கிற பழசு கனம் என்பதுதான் சரி.

எத்தனை கிலோ இருந்தா லேசுன்னு எடுத்துக்கலாம்?

என் அளவுகோல் இது: 4.2 கிலோவுக்கு மேல் கனம். மூன்றரையிலிருந்து நாலு வரை நடுத்தரம். 3.2-ஐ ஒட்டி இருந்தால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் எடை ஞாபகத்துக்கே வராது. 2.7-க்குக் கீழே போனால் வேறு தொல்லைகள் தொடங்கும். தலை சாய்வது பற்றிப் பின்னால் வருகிறது. விற்பவர்கள் பெரும்பாலும் பவுண்டில் சொல்வார்கள். 7 பவுண்டு என்றால் 3.2 கிலோ, 8 என்றால் 3.6, 10 என்றால் நாலரை.

எடை பார்க்கப் பயணப்பெட்டியைத் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு போதும். ஸ்ட்ராப்பை (தோள் வாரை) இரண்டு பட்டனிலும் மாட்டி, நடுவில் கொக்கியைக் கோர்த்து, கீழே மெத்தை இருக்கும் இடத்தில் தூக்குங்கள். ஸ்ட்ராப்பின் எடையைக் கழிக்க மறக்கவேண்டாம். தடித்த தோல் ஸ்ட்ராப் 200, 300 கிராம் காட்டும். ஆள் எடை பார்க்கும் மெஷினில் கிட்டாரோடும் கிட்டார் இல்லாமலும் ஏறிக் கழித்துப் பார்ப்பதும் உண்டு. அதில் அரைக் கிலோ இப்படி அப்படி ஆகும். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான்.

கிட்டாரை மாத்தாமலே தோள் வலியைக் குறைக்க முடியுமா?

முதலில் அதைத்தான் முயலவேண்டும். இரண்டு இன்ச் நைலான் ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு மூன்றரை, நாலு இன்ச் அகலமுள்ள, உள்ளே பஞ்சு வைத்த ஸ்ட்ராப் போடுங்கள். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள், மேடைக்கு மட்டும் நில்லுங்கள். கனமான மூடிய டியூனர்கள் (தலையில் கம்பியை முறுக்கும் சாவிகள்) பிற்காலத்தில் மாட்டியவை என்றால், பழைய மாதிரித் திறந்த டியூனருக்குத் திரும்பினாலும் தலைப்பக்கம் கொஞ்சம் குறையும்.

கை மரத்துப்போகிறது, விரல் நுனியில் ஊசி குத்துகிறது என்றால் கிட்டார் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.

லேசான கிட்டார்ல சஸ்டெயின் இருக்காதுன்னு சொல்றாங்களே?

கனம்தான் சஸ்டெயின் என்பது எழுபதுகளின் விளம்பர வாசனை. சஸ்டெயினை, அதாவது கம்பி எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பதை, நெக் எனும் கழுத்தின் விறைப்பு, அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட்கள் சமமாக இருப்பது, தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட் வெட்டியிருக்கும் விதம், பாடிப்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் உறுதியாக உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பாடி எடைக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லோரும் கும்பிடும் 1959-ன் லெஸ் பால்களே எழுபதுகளின் கஸ்டத்தைவிட லேசானவை; அவற்றில் சஸ்டெயின் இல்லை என்று ஒருவரும் குறை சொன்னதில்லை.

உங்கள் கிட்டாரில் சத்தம் சீக்கிரம் செத்துப்போனால், முதலில் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தக் கருவி) கம்பியை ஒட்டி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்கும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்அப்பில் இது ரொம்பவே தெரியும். ஒரு ஸ்க்ரூடிரைவர் திருப்பில் சரியாகிற விஷயத்துக்கு மரத்தைப் பழி சொல்பவர்கள் நிறைய.

என் பழைய கிட்டார் எனக்கு ஏன் பிடிச்சிருக்குன்னே தெளிவா சொல்லத் தெரியல. அப்புறம் மாற்றை எப்படித் தேடுறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. "அதே மாதிரி வேணும்" என்று தேடினால் கிடைக்காது. அதில் உங்களுக்கு வேண்டிய ஒன்று அல்லது இரண்டு விஷயங்களைப் பிரித்து எடுத்தால், அவை மலிவாகவே கிடைக்கும். பெரும்பாலும் அது நெக்கின் பருமன், ஸ்கேல் நீளம், பிக்அப் வகை ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து, கம்பியை விலக்கி, முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் நெக்கின் தடிமனை அளந்து எழுதுங்கள். முதல் ஃப்ரெட்டில் 20, 21 மில்லிமீட்டர் என்றால் மெல்லிய அறுபதுகளின் நெக். 23-ஐத் தாண்டினால் ஐம்பதுகளின் கொழுத்த நெக். நட்டின் அகலத்தையும் எழுதுங்கள்: கிப்சனில் வழக்கம் 43, பழைய ஃபெண்டரில் 42. அறுபதுகளின் பிற்பகுதிக் கிப்சனாக இருந்தால் 40-ஐ ஒட்டி இருக்கும்; அந்த ஒடுக்கமான நெக்குக்குப் பழகிய கைக்கு இன்றைய கிட்டார்கள் எல்லாமே அகலமாகத் தெரியும். ஸ்கேல் நீளம் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை உள்ள தூரத்தைப்போல இரண்டு மடங்கு. கிப்சன் 24.75 இன்ச், ஃபெண்டர் 25.5. முக்கால் இன்ச் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அதே கம்பியை ஃபெண்டரில் பெண்ட் செய்யும்போது (விரலால் தள்ளிச் சுருதி ஏற்றும்போது) விரலுக்குக் கூடுதல் உழைப்பு.

அப்புறம் சத்தம். நெக் பிக்அப்பில் வால்யூமை ஆறுக்கு இறக்கி வாசிப்பவரா, பிரிட்ஜ் பிக்அப்பில் பத்தில் வைத்து டிஸ்டார்ஷனில் வாசிப்பவரா? இரண்டாவது ரகத்துக்கு மாற்று தேடுவது சுலபம். டிஸ்டார்ஷன் ஏறஏற கிட்டார்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போகும். முதல் ரகத்துக்குப் பிக்அப்பும், வால்யூமையும் டோனையும் ஏற்றி இறக்கும் பொட்டும் சரியாக அமைந்தே ஆகவேண்டும். இந்தக் குறிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

எனக்கு லெஸ் பால் சத்தம்தான் வேணும், லெஸ் பால் கனம் வேணாம். எதைப் பாக்கலாம்?

முதலில் எஸ்ஜி. 1961-இல் கிப்சனே லெஸ் பாலுக்குப் பதிலாகக் கொண்டுவந்தது அதைத்தான். மேப்பிள் மூடி இல்லாத மெல்லிய மஹோகனி, அதே ஸ்கேல், அதே ஹம்பக்கர்கள் (இரட்டைச் சுருள் பிக்அப்புகள்). எடை மூன்று கிலோவை ஒட்டி இருக்கும். நெக் பிக்அப்பின் கொழுகொழுப்பு கொஞ்சம் குறைந்து நடு ஒலிகள் முன்னால் வரும். பேண்டோடு வாசித்தால் அது லாபம்தான். எபிஃபோன் 1957-லிருந்தே கிப்சனுக்குச் சொந்தமான பிராண்ட். அதே வடிவம், அதே ஸ்கேல், விலை பல மடங்கு குறைவு. பெயர்ப்பலகையைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவேண்டாம்.

கிப்சனின் பி-90 என்ற சிங்கிள் காயில் பிக்அப் பிடிக்கும் என்றால் லெஸ் பால் ஜூனியர், ஸ்பெஷல் வகைகளைப் பாருங்கள். தட்டையான மஹோகனிப் பலகை, மூடி கிடையாது. ஜூனியர் 1954-இல் ஆரம்பக்காரர்களுக்கான மலிவு கிட்டாராகத்தான் வந்தது. அந்த எளிமையே அதன் எடையையும் குறைத்தது. யமஹாவின் ரெவ்ஸ்டார் 2022-லிருந்து உள்ளே குடைந்த மஹோகனி பாடியோடு வருகிறது. ஸ்கேலும் கிப்சன் அளவுதான். லெஸ் பால் வடிவம் கண்டிப்பாக வேண்டாம் என்பவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான்.

கிப்சனின் செமி ஹாலோ கிட்டாரான இஎஸ்-335-ஐப் பலர் கேட்கிறார்கள். நடுவே மரக்கட்டை ஓடுவதால் அது நினைக்கிற அளவு லேசு இல்லை, உருவமும் பெரிது. எபிஃபோன் காசினோ நிஜமாகவே உள்ளே வெறுமை, லேசு. ஆனால் ஆம்ப்பை ஏற்றினால் ஊளையிடும்.

ஃபெண்டர் பக்கம் என்ன வழி?

அங்கே வேலை சுலபம், ஏனென்றால் ஃபெண்டர் வடிவங்கள் அடிப்படையிலேயே லேசு. எழுபதுகளின் ஆஷ்தான் விதிவிலக்கு. ஆல்டர், பாப்லர், பைன் பாடிகளைத் தேடுங்கள். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரின் கிளாசிக் வைப் ஐம்பதுகள் மாதிரி டெலிகாஸ்டர் பைன் பாடியில் வருகிறது. பைன் என்றால் மட்டம் என்று நினைக்கவேண்டாம், 1950-க்கு முன் ஃபெண்டர் செய்துபார்த்த முதல் மாதிரிகளே பைனில்தான். தின்லைன் டெலிகாஸ்டர் 1968-இல் வந்ததற்கும் லேசான ஆஷ் கிடைக்காததுதான் காரணம். கனமான மரத்தை உள்ளே குடைந்தார்கள். 2020-இல் ஆஷ் வழக்கமான மாடல்களில் இனி இருக்காது என்று ஃபெண்டரே அறிவித்துவிட்டது. ஆற்று வெள்ளமும் மரத்தைத் தின்னும் வண்டும் காரணம்.

பழைய ஃபெண்டரில் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் பதித்த பலகை) வளைவின் ஆரம் 7.25 இன்ச். இன்றைய மாடல்கள் பெரும்பாலும் 9.5. கார்டு பிடிக்கப் பழையது சுகம், பெண்ட் செய்யப் புதியது சுகம். எது உங்கள் பழக்கம் என்பதை மேலே சொன்ன குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயிட் ரிலீஃப், சேம்பர்ட், செமி ஹாலோன்னு போட்டிருக்காங்க. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. வெயிட் ரிலீஃப் என்றால் மூடியை ஒட்டுவதற்கு முன் மஹோகனியில் துளைகள் போடுவது. கிப்சன் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே லெஸ் பாலில் ஒன்பது துளை போட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே படம் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரியும், அதுவரை யாருடைய காதும் சொல்லவில்லை. சேம்பர்ட் என்றால் பெரிய அறைகளாகவே குடைவது. 2000களின் பிற்பகுதி லெஸ் பால்கள் இப்படி வந்தன, எடை நன்றாகக் குறையும், ஒலி கொஞ்சம் திறந்தாற்போல் இருக்கும். செமி ஹாலோவில் பாடி பெரும்பாலும் வெற்றுக்கூடு, நடுவில் மட்டும் கட்டை.

துளையைக் காதால் கண்டுபிடிக்க முடியாது என்பது என் கருத்து. அறைகளைச் சில சமயம் முடியும்.

ஒரே மாடல்தானே, நெட்ல பாத்து வாங்கிடலாமா?

வாங்கலாம், ஆனால் மாடலுக்கு எடை கிடையாது. அந்த ஒரு கிட்டாருக்குத்தான் எடை. ஒரே வருடம், ஒரே மாடல், ஒரே நிறம், இரண்டுக்கும் நடுவே அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒரு மரத்தின் பலகைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை.

விற்பவரிடம் கிட்டாரைத் தராசில் தொங்கவிட்டு ஒரு படம் கேளுங்கள். "சுமாரா மூணரை இருக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். படம் அனுப்பத் தயங்குகிறவர் எடையைத் தெரிந்துகொண்டே தயங்குகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

புதுசா வாங்குறதா, செகண்ட் ஹேண்டா?

மலிவு பிராண்ட் என்றால் செகண்ட் ஹேண்ட். முதல் சொந்தக்காரர் பெட்டியைத் திறந்த அன்றே விலையில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதை நீங்கள் கொடுக்கவேண்டியதில்லை. மிச்சமாகும் பணம் செட்டப்புக்கும் பிக்அப்புக்கும் ஆகும்.

எண்பதுகளின் ஜப்பான் கிட்டார்கள் நல்ல மாற்றுன்னு கேள்விப்பட்டேன் அண்ணா.

நல்ல கிட்டார்கள்தான். டோகாய், கிரெக்கோ, பர்னி, 1982-இல் தொடங்கிய ஜப்பான் ஸ்குவையர் எல்லாமே கவனமாகச் செய்தவை. ஆனால் அவை மலிவு என்பது பழைய தகவல். சேகரிப்பவர்கள் அங்கேயும் வந்துவிட்டார்கள். எடையும் உத்தரவாதம் இல்லை. அந்தக் காலத்து ஜப்பான் லெஸ் பால் வகைகள், யமஹா எஸ்ஜி-2000 எல்லாம் நல்ல கனம். 'லாசூட்', அதாவது வழக்கில் சிக்கிய கிட்டார், என்று போட்டு விலை ஏற்றுவார்கள். நார்லின் 1977-இல் வழக்குப் போட்டது ஐபனெஸ் கிட்டார்களை விற்ற எல்ஜர் கம்பெனி மேல், அதுவும் ஹெட்ஸ்டாக் (கிட்டாரின் தலை) வடிவத்துக்காக. அந்தப் பெயரில் விற்கும் மற்றவற்றுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை.

மலிவு கிட்டார்ல நல்ல பிக்அப் போட்டா வின்டேஜ் சத்தம் வந்துடுமா?

வரலாம், ஆனால் பிக்அப் கடைசி வேலை. முதலில் ஃப்ரெட் லெவல், நட், ஆக்ஷன் (கம்பியின் உயரம்), இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது). மலிவு கிட்டாரில் கம்பெனி மிச்சம் பிடிப்பது மரத்தில் இல்லை, மனித உழைப்பில். நட் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும், ஃப்ரெட் முனை கையைக் கீறும். இதைச் சரிசெய்த பிறகு "பிக்அப் வேணாம், இதுவே போதும்" என்று எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர்.

அடுத்தது பொட். ஹம்பக்கருக்கு 500கே (கிலோ ஓம்), சிங்கிள் காயிலுக்கு 250கே. வால்யூமை இறக்கினால் சத்தம் மங்கிப்போகிறது என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் பொட்டிலும் வயரிங்கிலும் இருக்கும். இங்கே ஒரு சின்னச் சிக்கல்: அமெரிக்க பொட்டின் கழுத்து தடித்தது, ஒன்பதரை மில்லிமீட்டர் துளை வேண்டும். இறக்குமதிக் கிட்டாரில் துளை சின்னது, ரீமரால் அகலப்படுத்தவேண்டும். பழைய நாப் (திருப்பும் குமிழ்) புதுப் பொட்டில் ஏறாது, பல் எண்ணிக்கை வேறு. கம்பியின் பாடிப்பக்க முனையைப் பிடிக்கும் டெயில்பீஸை ஐம்பதுகளின் மாதிரி அலுமினியத்துக்கு மாற்றினால் எடையும் கொஞ்சம் குறையும், ஆனால் அதைத் தாங்கும் ஸ்டட் மில்லிமீட்டர் அளவா இன்ச் அளவா என்று பார்த்து வாங்குங்கள்.

பிக்அப் மாற்றுவது என்று முடிவானால், 1957-இல் வந்த கிப்சனின் பிஏஎஃப் ஹம்பக்கர் வகையைப் பின்பற்றிச் செய்தவற்றைப் பாருங்கள். அல்னிக்கோ காந்தம், ஏழரை, எட்டு கே அளவிலான காயில். 'ஹை அவுட்புட்' என்று எழுதியிருப்பது வேறு உலகம். வின்டேஜ் பிக்அப்புகள் இன்றைய அளவில் பார்த்தால் மென்மையானவை.

எஸ்ஜி வாங்கினேன். கையை விட்டா தலை கீழே சாயுது.

பாடி லேசானால் வரும் விலை இது. ஸ்ட்ராப் பட்டன் கழுத்தடியில் இருப்பதால் எஸ்ஜியில் கூடுதல். வழுக்காத சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். போதவில்லை என்றால் லேசான டியூனர். பாடிக்குள் ஈயக்கட்டி வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். எடையைக் குறைக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?

ஹெட்லெஸ் கிட்டார் எப்படி?

எடை மட்டுமே பிரச்சினை என்றால் இதைவிட நல்ல விடை இல்லை. ஸ்டைன்பெர்கர் எண்பதுகளில் பரவலாக்கிய வடிவம், இன்று ஸ்ட்ராண்ட்பெர்க் போன்றவை இரண்டரைக் கிலோவுக்கும் கீழே வருகின்றன, தலையே இல்லாததால் சாய்வும் இல்லை. ஆனால் மேலே எழுதச் சொன்ன குறிப்பை எடுத்துப் பாருங்கள். கொழுத்த நெக், பழைய உருவம் அதில் இருந்தால் இது உங்களுக்கு இல்லை. சில மாடல்களுக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பி வேண்டும், அவசரத்துக்குக் கிடைக்காது.

ஹெட்ஸ்டாக் உடைஞ்சு ஒட்டின நிஜ வின்டேஜ் பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?

வாசிப்பவருக்கு இது நல்ல கதவு. கிப்சனின் மஹோகனி நெக்கில் தலை பின்னால் சாய்ந்திருக்கும். நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடுக்குக் குடைந்த இடத்தில் மரம் மெலிந்திருக்கும். கிட்டார் விழுந்தால் அங்கேதான் முறியும். நன்றாக ஒட்டியது பல வருடம் நிற்கும். ஆனாலும் சந்தை விலை பாதியை ஒட்டி இறங்கிவிடும். மறுபடி பெயிண்ட் அடித்தவையும் அப்படியே. முதல் பதிலில் சொன்ன காதில் விழாத பங்கு கழிந்த கிட்டார் இவை.

வாங்கும்போது ஒட்டின இடத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். படி தட்டக்கூடாது, கோடு நகத்தில் சிக்கக்கூடாது. கம்பி முழு இழுவையில் இருக்கும்போதே பார்க்கவேண்டும். கழற்றி வைத்துக் காட்டினால் மாட்டச் சொல்லுங்கள். எப்போது, எதனால் ஒட்டியது என்று கேளுங்கள். ஆனால் ஒன்று, இதில் விலை குறையும், எடை குறையாது. எழுபதுகளின் கஸ்டம் உடைந்து ஒட்டினாலும் நாலரைக் கிலோதான்.

ரொம்ப மலிவா 'கிப்சன்' ஒண்ணு வந்திருக்கு. ஒரிஜினல்தானா?

விலையே பதில். இருந்தாலும் டிரஸ் ராட் மூடியைப் பாருங்கள்: கிப்சனில் இரண்டு திருகு, போலிகளில் அடிக்கடி மூன்று. மூடியைக் கழற்றினால் கிப்சனில் பித்தளை நட் தெரியும்; போலியில் ஆலன் சாவி போடும் துளை. பிரிட்ஜ் தாங்கும் கம்பங்கள் தடித்து, மேலே ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தோடு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சீரியல் எண்ணை நம்பவேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்தக் காசுக்கு நேர்மையான எபிஃபோன் வாங்கிவிடலாம்.

பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிச்சா பழசுதான் நல்லா இருக்கு. நான் ஏமாந்துட்டனோ?

இரண்டிலும் ஒரே நாளில் ஒரே கேஜ் புதுக் கம்பி மாட்டினீர்களா? பிக்அப் உயரத்தைச் சமமாக்கினீர்களா? இரண்டில் கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் காதுக்கு எப்போதும் நன்றாகப் படும். ஒரு பிக்அப்பைத் தாழ்த்தி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே ஆம்ப், ஒரே செட்டிங்கில் ஒரு வரியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள், எது எது என்று தெரியாமல் வேறு ஒருவரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் இருக்கும். ஆனால் எது பழசு என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

அப்போதும் பழசுதான் பிடிக்கிறது என்றால் அது உண்மை. ஆம்ப் டோனை ஒரு புள்ளி, நடு ஒலியை ஒரு புள்ளி நகர்த்திப் பாருங்கள். மரத்துக்கும் பிக்அப்புக்கும் நடுவே தேடுகிற பெரும்பாலான வித்தியாசத்தை அந்த ஒரு திருப்பு தந்துவிடும். ஸ்பீக்கரை மாற்றினால் வரும் மாற்றம் கிட்டாரை மாற்றினால் வருவதைவிடப் பெரியது.

மாற்று கிடைச்சாச்சு. பழசை வித்துடட்டுமா?

உடனே வேண்டாம். சில மாதம் புதியதை மட்டும் எடுத்துப் போய் வாசியுங்கள். பழசை எடுக்க மனசே வரவில்லை என்றால் விற்கலாம். விற்கும் வரை அதில் எதையும் மாற்றாதீர்கள், சாலிடரைத் தொடாதீர்கள். இதற்கு முன்பே கழற்றிய பாகம் ஏதாவது இருந்தால், துருப்பிடித்த திருகாக இருந்தாலும், கேஸிலேயே போட்டு வையுங்கள். வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்பார்.

வெளிநாட்டுல கச்சேரி. பழசை எடுத்துட்டுப் போகவா, புதுசையா?

புதுசை. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் பெரும்பகுதியிலும் ஃப்ரெட்போர்டுக்குப் பிரேசில் ரோஸ்வுட் பயன்பட்டது. 1992-லிருந்து அது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டும்போது இசைக்கருவிச் சான்றிதழ் கேட்கலாம். அதைப் பயணத்துக்கு வெகு முன்னால் உங்கள் நாட்டின் சைட்ஸ் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கவேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017 ஜனவரியில் கட்டுப்பாடு வந்தது, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கும் வந்தது. பாவ் ஃபெரோ, லாரல் மரங்களில் ஃப்ரெட்போர்டு போட்ட கிட்டார்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. மலிவு மாடல்கள் பலவற்றில் இப்போது அவைதான்.